கொஞ்சூண்டு ரசம்

‘கொஞ்சம்’ என்று ஒரு சொல் இருக்கும்போது ‘கொஞ்சூண்டு’ எதற்கு என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்களுக்குத் தெரியும். ‘கொஞ்சம் சாப்பிடு’ என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். ‘கொஞ்சூண்டுதான்’ என்றால் லேசாகத் திறக்கும். இந்தச் சின்ன விஷயம் நெல்லிக்குறிச்சி அரண்மனையில் ஒரு பெரிய படிப்பாளிக்குத் தெரியாமல் போனது.

அவர் பேர் நாவலங்காரப் புலவர். அந்தப் பேரை அவரே வைத்துக்கொண்டார். தும்மினால்கூட இலக்கணத்தோடு தும்முகிறவர். ‘சோறு’ என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார், ‘அடிசில்’ என்றால்தான் இலையைப் பார்ப்பார். உள்ளே தள்ளுவது என்னவோ அதே சோறுதான், மூன்று ஆள் அளவு.

ஒருநாள் மத்தியானம் ராஜா பாயசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு, “இன்னும் இருக்கா பேச்சி?” என்று கேட்டார். சமையல்காரி பேச்சியம்மை பானையை வழித்துப் பார்த்தாள்.

“கொஞ்சூண்டு இருக்கு சாமி.”

பக்கத்து இலையில் இருந்த புலவர் கையை உதறினார்.

“அரசே, செவி சுடுகிறது. நிகண்டில் இல்லாத சொல். கற்றோர் நாவில் வராத சொல். சொல்லே அன்று, அடுக்களைக் குப்பை. இவளை விலக்குங்கள். இனி இதை உரைப்பவர் எவராயினும் அன்று பொழுது சாய்வதற்குள் அரண்மனையை விட்டு நீங்கவேண்டும் என்று ஆணையிடுங்கள்.”

ராஜாவுக்குப் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. “சரி, எழுதும்” என்றார். புலவரே ஓலை எடுத்துத் தன் கையால் எழுதினார்.

அந்த அடுப்பை விட்டால் பேச்சிக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் போக்கிடம் கிடையாது.

அப்போது மந்திரி ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். “மகாராஜா, அது நல்ல சொல்தான்னு நான் காட்டிட்டா?”

“அவள் இருக்கட்டும். நாளைச் சாப்பாடு முடிகிற வரைக்கும் உமக்குத் தவணை.”

“அதற்குப் பிறப்பு உண்டோ?” என்று உதட்டைப் பிதுக்கினார் புலவர்.

“உண்டு புலவரே. கொஞ்சம், உண்டு. அதுதான் அதோட பிறப்பு. பானை காலி. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். கேட்டவர்கிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வராத ஒருத்தி, அடியை வழிச்சுப் பார்த்துட்டு, கொஞ்சம் உண்டுன்னா. ரெண்டும் ஒட்டிக்கிச்சு.”

“கட்டுக்கதை. கற்றவர் ஒருவர் நாவில் அது வந்ததாகச் சாட்சி காட்டும்.”

“நாளைக்குக் காட்டறேன். அதுவரைக்கும் பேச்சி என்ன சொல்லணும்?”

“சிறிதளவு.”

“அது எவ்வளவு? அவளுக்குத் தெரியணும்ல.”

“பானை நிறைய இருந்தால் பேரளவு. அதிற் குறைந்தது யாவும் சிறிதளவு. இதுகூடத் தெரியாதவர் மந்திரி.”

“இப்பத் தெரிஞ்சுது” என்றார் ஆவுடையப்பன். “பேச்சி, நீயும் நல்லாக் கேட்டுக்கிட்டியா?”

மறுநாள் புலவர் பட்டு வேட்டியோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

“சிறிதளவு அடிசில்.”

அரை அன்னக்கூடை சோறு இலையில் விழுந்தது. அதில் புலவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

“சிறிதளவு துவையல்.”

மிளகாய்த் துவையல், முக்கால் சட்டி. புலவர் ஒரு வாய் வைத்தார், கண்ணில் தண்ணீர் கட்டியது. காரத்தை அடக்க அவசரமாகக் கையை நீட்டினார்.

“சிறிதளவு ரசம்.”

பேச்சி பானையைத் தூக்கிச் சாய்த்தாள். ரசம் சோற்றுக் கரையை உடைத்தது, இலையைத் தாண்டியது, பட்டு வேட்டியைப் பார்த்து ஓடியது.

“சிறிதளவு, சிறிதளவு” என்று பதறினார் புலவர்.

“சிறிதளவுதாங்க சாமி. பானையில இன்னும் பாதி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அவள் ஊற்றினாள்.

ரசம் மடியில் ஏறியது. இலக்கணம் எல்லாம் எங்கேயோ போச்சு.

“ஏ பேச்சி, நிறுத்துடி, கொஞ்சூண்டுதானடி கேட்டேன்.”

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆவுடையப்பன் நிதானமாகக் கையைக் கழுவினார். “மகாராஜா, சாட்சி வந்துட்டாரு. கற்றவரு, நாவுல வந்துச்சு, பிறந்த இடமும் பந்திதான்.”

ராஜா புரையேறும் வரைக்கும் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பேச்சியிடம் கொடுத்தார். அப்புறம் புலவர் எழுதிய ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு தரம் படித்துப் பார்த்தார்.

“மந்திரி, பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“சிறிதளவு, மகாராஜா.”

அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களை வாசலில் ஓர் உருவம் தயங்கித் தயங்கி வந்து நின்றது. வேட்டியில் ரசக்கறை இன்னும் காயவில்லை. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்தபிறகு, அது மெதுவாகச் சொன்னது:

“பேச்சி, நீ நல்ல பொண்ணு. எனக்காக ராஜாகிட்டக் கொஞ்சூண்டு எடுத்துச் சொல்லேன்.”