கோடு இல்லாத இருட்டு

"எனக்கு ஒரு கேள்வி குடுங்க மேடம்" என்றாள் செம்மலர்.

மூளை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அதற்கு மேலும் நாலு வருஷம் பேராசிரியர் ஜெபக்கனியின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி. நாளைக் காலை நேர்காணல். தேறினால் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் வேறு பிழைப்பைப் பார்ப்பதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

போன இடமெல்லாம் ஒரே பேச்சு என்று குறைப்பட்டாள். வேலை பிரமாதம் என்பார்களாம். ஆனால் இதெல்லாம் உங்கள் பேராசிரியரின் கேள்விகள் ஆயிற்றே, உங்களுடையது எது என்பார்களாம்.

"நான் குடுத்தா அதுவும் என்னோடதுதானே" என்றார் ஜெபக்கனி.

செம்மலருக்கு அழுகை வந்தது. இவ்வளவு படித்துவிட்டு அழுவதா என்று அடக்கிக்கொண்டாள்.

ஜெபக்கனி எழுந்து இருட்டறைக்கு நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

அங்கே ஒரு திரைக்கு முன்னால் ஓர் எலி விழித்திருந்தது. அதன் மூளைக்குள் முடியைவிட மெல்லிய கம்பி. கம்பியின் நுனி ஒரே ஒரு நரம்புச் செல்லின் பக்கத்தில். செல் துடித்தால் ஒலிபெருக்கியில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் வரும். திரையில் ஒரு வெளிச்சக் கோடு இடமிருந்து வலமாக ஓடினால் இந்தச் செல் வெடித்துத் தள்ளும். வேறு எதற்கும் மசியாது. செம்மலருக்கு இதெல்லாம் அத்துப்படி.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடு ஓடி முடிந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும். அடுத்த கோடு வரும்வரை பதிவாவதெல்லாம் குப்பை. அதை வெட்டி எறிந்த பிறகுதான் ஆய்வே தொடங்கும். ஜெபக்கனி போட்ட சட்டம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

இன்று அவரே திரையை அணைத்தார். ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தார்.

"இத மட்டும் அணைக்காத" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கும்மிருட்டு. நாளைக்கு மானம் போகப்போகிறது, இவருக்கு விளையாட்டு என்று செம்மலர் பொருமினாள். நேர்காணலில் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அதுவும் தீர்ந்துபோனது. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

செல் வெடித்தது.

கருவியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். கம்பிகளைத் தடவிப் பார்த்தாள். அணைந்திருந்த திரையின் மேல் கறுப்புத் துணியையும் போர்த்தினாள்.

மறுபடி வெடித்தது. மெதுவாகத் தொடங்கி, ஏறி, இறங்கியது. கோடு ஓடும்போது வரும் அதே தாளம். நின்றது. திரும்பவும் வந்தது. அந்த அறையில் எந்தக் கோடும் ஓடவில்லை.

ஒவ்வொரு முறை அவள் ஒலிபெருக்கியை அணைத்த பிறகும் இது இப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்ததா? பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாளைய நேர்காணல் அடியோடு மறந்துபோனது.

கதவு திறந்தது. உள்ளே வந்த ஜெபக்கனி வெளிச்சம் விழாமல் சட்டென்று சாத்தினார்.

"வெளிச்சமே இல்ல மேடம்" என்றாள் செம்மலர். "இது எதைப் பாக்குது?"

ஜெபக்கனி இருட்டில் நின்றபடி வெகுநேரம் கேட்டார்.

"தெரியல" என்றார்.

இந்த நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து செம்மலர் கேட்டதில்லை.

ஒரு ஸ்டூல் இழுபடும் சத்தம் வந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார் ஜெபக்கனி. "நானும் இருக்கேன்."