செவியன் வளர்த்த பியோனி

மலை உச்சிக் காட்டில் செவியன் என்றொரு முயல் இருந்தது. தன் வளைக்கு முன்னால் அது பியோனி என்ற ஒரு பூச்செடியை வளர்த்து வந்தது. மண்ணுக்குள் கிழங்கு விட்டு வளரும் செடி அது. இரண்டு வகைப் பியோனிகளின் கலப்பில் பிறந்தது. பூத்தால் ரோஜாவைவிடப் பெரிதாக, அடுக்கடுக்காக இதழ் விரிக்குமாம்! இன்னும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. ஆனாலும் கோடை முழுக்க ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது செவியன்.

பனிக்காலம் வந்தது. இலைகள் கருகின. தண்டு காய்ந்து சாய்ந்தது. செவியனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வழியாக ஈட்டியன் என்ற முள்ளம்பன்றி வந்தது. கிழங்கென்றால் அதற்கு உயிர்.

“அடடா, செடி செத்துப் போச்சே தம்பி!” என்று உச்சுக் கொட்டியது.

“வேரும் போயிருக்குமா அண்ணே?”

“பின்னே? அழுகின கிழங்கு தோட்டத்தையே கெடுத்துவிடும். தோண்டிக் கொடு, தூரமாகப் போட்டுவிடுகிறேன்!”

செவியன் அழுதுகொண்டே மண்ணைப் பறித்தது.

“ஐயோ! யாரது என் கூரையைப் பிய்ப்பது?” என்று ஒரு மண்புழு தலை நீட்டியது.

“கோபப்படாதே. செத்த செடியைத் தோண்டுகிறேன்.”

“செத்ததா? தினமும் அதை உரசிக்கொண்டுதானே போகிறேன்! குனிந்து பார்!”

செவியன் மண்ணை ஊதித் தள்ளியது. கிழங்கின் தலையில் செக்கச்செவேலென்று குட்டிக் குட்டி முளைகள்! தொட்டுப் பார்த்தது. கிழங்கு கெட்டியாக இருந்தது.

“குளிருக்குத் தூங்குகிறது, அவ்வளவுதான்!” என்றது மண்புழு.

“அப்பாடா!” செவியன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு திரும்பிப் பார்த்தது. ஈட்டியனின் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணே, அழுகின கிழங்குக்கா நாக்கு ஊறுகிறது?”

ஈட்டியன் முள் சலசலக்கப் புதருக்குள் ஓடியே போய்விட்டது.

செவியன் மண்ணை அள்ளி மூடப் போனது.

“ஆழமாகப் புதைக்காதே! அப்புறம் பூக்காது. மேலாக மூடு போதும்!” என்றது மண்புழு.

செவியன் அப்படியே செய்தது. பனி விலகியதும் சிவந்த குருத்துகள் மண்ணைப் பிளந்து வந்தன. ஒரு நாள் காலையில், செவியனின் முகத்தைவிடப் பெரிய பூ ஒன்று விரிந்து நின்றது.

வெளித்தோற்றத்தையும் அடுத்தவர் பேச்சையும் நம்பிக் கைவிடுவதற்கு முன், உண்மையை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.