முகமும் தெரியணும், ஷூவும் தெரியணும்

“டீச்சர், என் ஜூம் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க. மூணு நாளா என்னைப் போட்டு வதைக்கிறீங்க.”

கேட்டவர் நமசிவாயம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. டீச்சர் பெனிட்டாவுக்கு முப்பத்து மூன்று. படம் எடுக்கக் கற்றுக்கொள்வதற்காக அவளோடு இமயமலைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு நடந்தே வந்திருந்தார்.

“அது இருந்தா நின்ன இடத்துலயே நின்னு திருகுவீங்க, சார். இந்த லென்ஸ்ல ஜூம் கிடையாது, காலுக்குத்தான் வேலை. கிட்ட வேணுமா, முன்னால போங்க. தள்ளி வேணுமா, பின்னால போங்க.”

“சரி, அப்படியே நில்லுங்க. உங்களையே எடுக்கிறேன். முகமும் தெரியணும், ஷூவும் தெரியணும்.”

கண்ணைக் கேமராவில் ஒட்டவைத்துக்கொண்டார். ஷூ படத்துக்குள் வரவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தார்.

பெனிட்டா அப்போதுதான் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நான்கைந்து அடியில் புல்வெளி முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எங்கோ அடியில் ஆறு இரைந்துகொண்டிருந்தது.

இன்னோர் அடி.

இன்னோர் அடி.

சத்தம் அவள் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பின்னால் போகச் சொல்லிக் கொடுத்த புண்ணியவதியே அவள்தானே.

“இன்னும் கொஞ்சம்தான் டீச்சர். பாதி ஷூ வந்துடுச்சு.”

அவர் குதிகால் பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அவர் மறு காலைத் தூக்கினார்.

பெனிட்டா சிரித்த முகம் மாறாமல் தானும் பின்னால் ஓர் அடி வைத்தாள். பிறகு இரண்டு. பிறகு நான்கு.

“அட, அசையாதீங்கன்னா கேக்குறீங்களா? இப்ப ஷூ வந்துடுச்சு, முகம் கடுகாயிடுச்சு!”

தூக்கிய காலை முன்னால் வைத்தார்.

அவள் மேலும் நகர்ந்தாள். முணுமுணுத்தபடி அவரும் வந்தார். அவளுக்குப் பின்னால் பனி உருகி ஓடும் ஓடை. கணுக்கால் நனைந்தது. முழங்கால் மரத்தது. பற்கள் கிட்டிக்கொண்டன. அவள் நிற்கவில்லை.

அவர் இருபதடி வந்த பிறகுதான் நின்றாள். கிளிக்.

“முதல்ல நான் நின்ன இடம் எவ்வளவு நல்லா இருந்துச்சு! கெடுத்துட்டீங்களே.”

“கேமராவை வச்சுட்டு அந்த இடத்தைப் போய்ப் பாருங்க, சார். மெதுவா.”

போனார்.

ஈரமண்ணில் கடைசியாகப் பதிந்திருந்த ஷூத்தடத்தில் குதிகால் இல்லை. குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் மண்ணும் இல்லை.

தவழ்ந்துதான் திரும்பி வந்தார். புல்வெளியின் நடுவில் எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் கோபம் வந்தது.

“ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, டீச்சர்! பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்களே! செத்திருப்பேனே நான்!”

பெனிட்டா ஓடைக்கரையில் உட்கார்ந்து சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் திரும்பினார்.

“சார்!” என்று அலறினாள்.

நமசிவாயம் திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் வைத்தார். இந்த முறை பின்னால் புல் இருந்தது.