கதவுக்கு உள்ளே ஒரு சுவிட்ச்

போன கரண்ட் திரும்பி வந்ததும் தெருப்பிள்ளைகள் "ஏ..." என்று ஒரு கூச்சல் போடுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் துணைமின் நிலையத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றால், வயலைத் தாண்டி அந்தச் சத்தம் வரும். ஆறுமுகநயினார் அது ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவரும் மகன் விட்டுப்போன கணினியும்தான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. நிலத்தைத் தோண்டலாம், வீடு கட்டலாம், காற்றாலை வைத்து மின்சாரம் எடுக்கலாம். எங்கெங்கோ இருப்பவர்களோடு சேர்ந்து ஓர் ஊரையே எழுப்பலாம். அவர் போய்ச் சேர்ந்த ஊரைத் தொடங்கியவள் பெனிட்டா. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தாள். அவர் மகனைவிடச் சின்னவள். கல் அடுக்குவதிலிருந்து கம்பி இழுப்பதுவரை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். கேலியாக அவளை ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தார். நாளாக நாளாகக் கேலி போய், பெயர் மட்டும் நின்றது.

அந்த ஊரில் பதினோரு வீடுகள். ஒவ்வொன்றிலும் கதவுக்கு உள்ளே, கையால் போடும் ஒரு சுவிட்ச். வீட்டுக்காரர் வந்தால் போடுவார், போகும்போது அணைப்பார். அடுத்தவர் சுவிட்சை யாரும் தொடக் கூடாது. அது ஒன்றுதான் ஊர்க் கட்டுப்பாடு.

அந்தியானால் தானே விளக்கேற்றும் கருவி அந்த விளையாட்டிலேயே இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்டார். முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன் சொல்கிறேன் என்றார். முப்பத்தாறு வருஷம் எங்களை இருட்டில் உட்கார வைத்தவர் என்று சொல்லுங்கள் என்றாள் அவள். பிறகு அவரைக் குன்றின் மேல் கூட்டிப்போனாள்.

"எத்தனை விளக்கு எரியுது, அண்ணாச்சி?"

"ரெண்டு."

"ஊர்ல எத்தனை பேர் இருக்கோம்?"

"ரெண்டு பேர்."

அவள் இறங்கிப் போய்விட்டாள். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றே அவர் நினைத்தார்.

மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வராமல் போனவர்கள். ஏன் என்று அவள் சொன்னதில்லை. எப்போதாவது புதிதாக யாராவது வந்தால், இருண்ட வீடுகளைப் பார்த்துவிட்டு, ஊருக்குள் வரும் பாலத்தோடு திரும்பிவிடுவார்கள். அவளும் இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருநாள்தான் வந்தாள். அவளும் நின்றுவிட்டால்? தனியாக இருந்த வீட்டில் அவரோடு பேசுகிற ஒரே குரல் அது.

அவள் வராத நாலு நாளில் மண்ணுக்கடியில் புதுக் கம்பி இழுத்தார். ஒன்பது வீட்டுக்கும் தானியங்கிக் கருவி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே உச்சி வெயில். விளையாட்டுக்குள் அந்தி சாய்கிற நேரத்தில் அவள் வந்தாள். குன்றின்மேல் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது.

பாலத்தில் அவள் அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள். வழியிலிருந்த வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, ஆற்றோரக் கடைசி வீட்டுக்கு ஓடினாள். அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் மூச்சு கேட்டது.

"சிரில்? எப்பப்பா வந்த?"

கதவைத் தட்டினாள். திறந்து பார்த்தாள். அடுத்த வீட்டுக்குப் போய் ரஜீனாவைக் கூப்பிட்டாள். அதற்கடுத்ததில் கோமதிநாயகத்தை. நான்தான் செய்தேன் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அவள் அடுத்த கதவுக்குப் போயிருந்தாள். ஒன்பது கதவையும் தட்டி முடித்துவிட்டு அவள் ஒரு படியில் உட்கார்ந்தாள்.

அவர் இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னார். இனி இங்கே வராதீர்கள் என்பாள் என்று காத்திருந்தார்.

"இந்தக் கம்பியெல்லாம் தோண்டி எடுக்க எத்தனை நாளாகும், அண்ணாச்சி?"

"ரெண்டு நாள்."

"நாளைக்கும் வர்றேன். சேர்ந்தே எடுப்போம்."

தோண்டினார்கள். ஒவ்வொரு வீடாக இருண்டது. அவள் பாதியில் போய்விடவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆற்றோர வீட்டுக்கு வந்தபோது அவர் மண்வெட்டியை நிறுத்தினார்.

"ஒன்னு கேட்கலாமா, ஆசான்? பாலத்துப் பக்கத்துலயே வேற வீடுங்க இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு ஏன் முதல்ல இங்க ஓடி வந்தீங்க?"

"விளக்கு எரிஞ்சுது. வந்தேன்."

"சிரில் இப்ப எங்க இருக்கார்?"

அவள் கடைசிக் கம்பியை இழுத்து எடுத்தாள். வீடு இருண்டது.

"செத்துப்போயிட்டான், அண்ணாச்சி. மூணு வருஷமாச்சு. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்."