நாமக்கோழியார் கேட்ட மூன்றாவது கேள்வி

குளங்களுக்கெல்லாம் பறவைகளே நாட்டாமை பார்த்த காலத்தில், பொருநை நாட்டில் நாணற்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் ஒரு நாமக்கோழியார் வாழ்ந்தார். உடம்பெல்லாம் கரி, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். அந்த நாமத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பெருமையையும் பாட்டையும்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ரொம்பச் சிரிக்க வேண்டாம். எனக்கும் அப்படி ஒரு நெற்றி உண்டு, உங்களுக்கும் இருக்கலாம்.

நாமக்கோழியார் பிறந்ததும் அந்தக் குளம், வளர்ந்ததும் அந்தக் குளம். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குளத்தைச் சுற்றி நீந்துவார். தான் சுற்றாவிட்டால் கரை உடைந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். மீன்கொத்திக்கும் முக்குளிப்பானுக்கும் அவரவர் வேலை இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தால் வலசைப் பறவைகள் வரும். பங்குனியில் திரும்பிப் போகும். ஆனால் அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. குளத்தில் பாதித் தண்ணீர்தான் கிடந்தது. நாமக்கோழியார் கரையோரமாக நீந்தி ஆழம் பார்த்தார். இருக்கிற தண்ணீர் இருக்கிறவர்களுக்கே காணாது, வருகிறவர்களுக்கு எங்கே போவது?

வராதே என்று முகத்துக்கு நேரே சொன்னால் நாமத்துக்கு அழகில்லை. அதனால் யோசித்து யோசித்து மூன்று கேள்விகள் வைத்தார். மடைக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தவை ஊசிவால் வாத்துகள்.

"எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னார்கள்.

"எத்தன நாளு இருப்பிய?" என்று கேட்டார். சொன்னார்கள்.

"போகும்போது என்ன சொல்லிட்டுப் போவிய?"

"போயிட்டு வாரோம்னு சொல்லுவோம்."

"அப்ப, மறுபடியும் வாற எண்ணம் இருக்கு. இங்க இடமில்ல" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது கேள்விக்குச் சரியான விடை 'போறேன்' என்பது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நம் நாட்டில் ஒரு வாசலை விட்டு இறங்கும்போது 'போறேன்' என்று யார் சொல்வார்கள்? திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல் அது. அதனால் யாருமே தேறமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அடுத்து கூழைக்கடாக்கள் வந்தன. அதே மூன்று கேள்வி, அதே மூன்றாவது பதில். அவர்களையும் அனுப்பிவைத்தார்.

கடைசியாக, பனிமலை தாண்டி வரித்தலை வாத்துகள் இறங்கின. அந்தக் கூட்டத்துக்கு மூத்தவள் வடிவு. தலையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு அவளுக்கு.

"பத்து வருசமா வாரோம் அண்ணாச்சி. என்னையத் தெரியலையா?" என்றாள்.

தெரியாமல் என்ன? போன வருடம் இரண்டு பேரும் ஒரே கரையில்தான் புல் மேய்ந்தார்கள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. நாமம் நன்றாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு மூன்று கேள்வியையும் கேட்டார். அவளும் தேறவில்லை.

"சரி அண்ணாச்சி, போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு எழும்பினாள். அந்த 'வாரோம்' அவருக்கு அன்று முழுக்க உறுத்தியது.

கார்த்திகை போனது, மார்கழி போனது. வந்தவர்களைத் துரத்திய பிறகும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருந்தது. வெயில் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. முக்குளிப்பான் சொல்லிக்கொண்டு கிளம்பியது. மீன்கொத்தியும் கிளம்பியது. ஊருக்குப் பெரியவன் ஊரை விட்டுப் போவதா என்று நாமக்கோழியார் மட்டும் இருந்தார். தை முடிவில் நாணற்குளம் ஒரு குட்டையாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்று அவருக்கு உறைத்தது. நாமக்கோழி இருந்த இடத்திலிருந்து எழும்பிப் பறக்காது. தண்ணீரின் மேல் தடதடவென்று நாற்பது அடி ஓடினால்தான் உடம்பு மேலே கிளம்பும். குட்டையோ பத்து அடி. முதல்முறை ஓடினார், சேற்றில் விழுந்தார். இரண்டாம் முறை ஓடினார், விழுந்தார். மூன்றாம் முறை முகம் குப்புற விழுந்தார்.

வேறு வழி? ஆற்றைப் பார்த்து நடந்தார். முள்ளுக்குள் நடந்தார், காய்ந்த வயலில் நடந்தார், நாய் துரத்தியபோது மட்டும் ஓடினார். நான்காம் நாள் பொருநை ஆற்று மடுவுக்கு வந்து சேர்ந்தார்.

மடுவின் வாசலில் ஒரு தாழைக்கோழி உட்கார்ந்திருந்தது.

"நில்லும் வே. மூணு கேள்வி இருக்கு" என்றது. "நாணற்குளத்துல ஒரு மகா புத்திசாலி கண்டுபிடிச்சதாம். இங்க வந்த வாத்துக சொல்லிச்சு. கூட்டம் கூடிப்போச்சா, நாங்களும் வச்சிட்டோம்."

தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் மகா புத்திசாலி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. என்ன செய்வது, பிறவிக் குணம்.

"எந்த ஊரு?"

"நாணற்குளம். அந்தப் புத்திசாலியே நான்தான்."

"அவருக்கு நெத்தியில வெள்ள நாமம் இருக்குமாமே."

நாமக்கோழியார் காலால் நெற்றியைத் தடவிப் பார்த்தார். ஒரு விரல் கனத்துக்குச் சேறு காய்ந்து கிடந்தது.

"எத்தன நாளு இருப்பீரு?"

"மழ வாற வரைக்கும்."

"போகும்போது என்ன சொல்லிட்டுப் போவீரு?"

விடை தெரிந்த ஒரே பறவை அவர்தான். ஒரே ஒரு சொல். சொன்னால் தண்ணீர், சொல்லாவிட்டால் உயிர் போய்விடும். வாயைத் திறந்தார். 'போ' வரைக்கும் வந்தது. அதற்குமேல் ஓடவில்லை. நாணற்குளத்தை விட்டுக் கிளம்பும்போது வெற்றுக் குட்டையைப் பார்த்து அவர் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

"போயிட்டு வாரேன்" என்றார்.

"தப்பு. மறுபடியும் வாற எண்ணம் இருக்கவங்களுக்கு இடமில்லையாம்" என்றது தாழைக்கோழி.

ஊருக்கெல்லாம் போட நினைத்த நாமம் இப்படித் தனக்கே விழுந்ததை எண்ணி அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஒரு வாத்து அவரைக் கண்டு நின்றது. வடிவுதான்.

"இவர உள்ள விடுங்க. எங்க ஊர்க்காரரு" என்றாள்.

"உங்க ஊரு பனிமலைக்கு அந்தப் பக்கம்லா?" என்றது தாழைக்கோழி.

"பாதி வருசத்துக்கு அது. மீதிக்கு நாணற்குளம். நானாச்சு, விடுங்க."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எங்க ஊர்க்காரரு என்று சொல்லிவிட்டாளே. தண்ணீரில் தலையை முக்கிக் குடித்தார். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள்.

பங்குனியில் வடிவு வடக்கே கிளம்பினாள். "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றாள்.

"போயிட்டு வாங்க தாயி" என்றார் அவர், மடு முழுக்கக் கேட்கும்படி.

அடுத்த ஐப்பசியில் வானம் மனம் வைத்தது. நாணற்குளம் நிறைந்தது. நாமக்கோழியார் பழையபடி மடைக்கல்லில் ஏறி உட்கார்ந்தார். வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "வழியில தண்ணி கெடச்சுதா?" பிறகு தான் சேற்றில் மூன்றுமுறை விழுந்த கதையை, விழுந்து காட்டியே சொன்னார். கூழைக்கடாக்கள் தாடைப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தன.

கேட்டவர்களே, நம் வாசலில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் முன்னால், நாளைக்கு நாமும் ஒரு வாசலில் நிற்க வேண்டிவரும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.