தீயில் வைக்காமல் வெந்த மீன்

ததேயு ஆசானிடம் வர்ம வைத்தியம் படிக்கப் போனபோது பிலேந்திரனுக்கு ஐம்பது கடந்திருந்தது. ஆசான் அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். அதனால் சீடர் குருவை ‘ஆசானே’ என்பார். குரு சீடரை ‘அண்ணே’ என்பார். அந்தக் கடற்கரையில் யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

பிலேந்திரன் அதுவரை ஆழ்கடலில் தூண்டில் படகு ஓட்டியவர். கேரை பிடிப்பதில் பேர் எடுத்தவர். ஆள் உயரத்துக்கு வளரும் அந்தப் பெரிய சூரை மீன் தூண்டிலைக் கடித்துவிட்டால், கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். இடுப்பு விட்டுப்போய்க் கரையோடு கிடந்தபோது ஆசான்தான் அவரை எழுப்பி நடக்க வைத்தார். நடந்தவர் கடலுக்குப் போகவில்லை. ஆசானின் கொட்டகைக்கே வந்து எண்ணெய் காய்ச்ச உட்கார்ந்துவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அவருடைய மனைவி பிரகாசிக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது.

“முத்திப்போச்சு. இனி வீட்டில வச்சுப் பாத்துக்கிடுங்க. வலிக்கு மருந்து தாரேன். அதை மட்டும் நிறுத்தாதீங்க” என்றார் டாக்டர்.

பிலேந்திரன் கேட்கவில்லை. அவளை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அதையே சொன்னார்கள். அதற்கும் அப்பால் இன்னொன்றுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் வேனிலிருந்து அவளைத் தூக்கி இறக்கும்போது கனம் குறைந்துகொண்டே வந்தது.

வீட்டிலும் அவர் சும்மா விடவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்காருவார். ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று ஊட்டுவார். அவள் வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவார். கக்கத்தில் கைகொடுத்து முற்றத்தில் நடக்க வைப்பார். டாக்டர் கொடுத்த வலி மருந்தை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார். அதைக் குடித்தால் அவள் தூங்கிவிடுகிறாள், தூங்கினால் தளர்ந்துபோவாள் என்பது அவர் கணக்கு.

“நீ விடப்பிடாது கேட்டியா. பொருதி நிக்கணும்” என்பார்.

“நிக்குதேனே” என்பாள் அவள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருப்பதாக யாரோ சொன்னார்கள். பிலேந்திரன் வேன் ஏற்பாடு செய்தார். பிறகு ஆசானிடம் வந்தார்.

“ஆசானே, அவளுக்க தசைக்குப் பலம் ஏற ஒரு தடவுமுறை சொல்லித் தரணும். சென்னை போய்ச் சேருதது வரைக்கும் அவ தாங்கினா போதும்.”

ஆசான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கூடவே நடந்தார்.

பிரகாசி சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆசான் அவள் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். புஜத்தைத் தொட்டார். விரலுக்குத் தோலும் எலும்பும்தான் தட்டுப்பட்டன.

“ரொம்ப வலிக்குதாக்கா?”

அவள் கண்ணைத் திறந்து, வாசலில் நின்ற கணவனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அவிய நிக்கும்போ அதைக் கேக்காதீங்க ஆசானே.”

பிலேந்திரனுக்கு அது காதில் விழுந்தது. விழாததுபோல வெளியே வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆசான் எந்தத் தடவுமுறையும் சொல்லித் தரவில்லை. “வேன் எப்போ வருது?” என்று மட்டும் கேட்டார்.

“நாளைக்கு மத்தியானம்.”

“காலம்பற துறைமுகத்துக்கு வாரும் அண்ணே. ஒரு மீனு பாக்கணும்.”

மறுநாள் துறைமுகத்தில் ஆழ்கடல் படகொன்று வந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. சிமென்ட் தரையில் கேரைகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மீன் எடுக்க வந்த வியாபாரி தரம் பார்க்க ஒரு மெல்லிய குழாய்க் கம்பியை ஒவ்வொரு மீனின் விலாவிலும் செருகி உருவினார். பென்சில் கனத்துக்குச் சதை வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மீனை ஒதுக்கிக்கொண்டே போனார்.

ஒரு மீனின் சதை மாதுளை முத்துபோலச் சிவந்து மினுங்கியது. அதற்கு அடுத்ததில் வந்தது வெளிறிக் கிடந்தது. விரலில் வைத்து நசுக்கினார். தண்ணீர் விட்டது. அந்த மீனைக் காலால் அந்தப் பக்கம் தள்ளினார்.

தள்ளிவிட்ட அந்த மீனின் அருகில் ஆசான் குந்தினார். பிலேந்திரனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

“அண்ணே, இது பழைய மீனா?”

“இல்ல ஆசானே. ரெண்டும் ஒரே படகு. ஒரே ஐஸு. செவுளைப் பாரும், ரத்தம் மாதிரி இருக்கு. நல்ல புது மீனு.”

“பின்னே இது மட்டும் ஏன் இப்படி?”

“இது வெந்து போச்சு.”

“தீயில வைக்காமலா?”

பல வாரங்களுக்குப் பிறகு பிலேந்திரனின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இது அவருடைய தொழில்.

“தீ அதுக்க உள்ளேதான் இருக்கு ஆசானே. கேரைக்கு முள்ளை ஒட்டிக் கருஞ்சதை உண்டு. அது நீந்துததுக்கு. ராப்பகலா நீந்தினாலும் அந்தச் சதை தளராது. ஆனா தூண்டில் மாட்டிச்சுன்னா அது போதாது, பாயணுமே. பாய்ச்சலுக்குச் சுத்தியுள்ள சதை. அதுக்க பலம் கொஞ்ச நேரத்துக்குத்தான். தீந்தபிறவும் பாஞ்சா உடம்பு கொதிக்கும், சதை புளிச்சுப்போவும். மேல கொண்டுவரும்போ உசிரு இருக்கும். சதை வெந்திருக்கும்.”

“மத்த மீனு வேகலியே.”

“அது நல்ல கையில வந்த மீனு. தாமசிக்காம மேல ஏத்தியிருப்பான்.”

ஆசான் அந்த வெளிறிய சதைத் துண்டைத் தரையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணு புரியல்ல அண்ணே. பலம் தீந்தபிறவு இது எதுக்குப் பாயணும்?”

“அதுவாட்டு எங்க பாயுது? பாய வச்சதுதான். இழுத்து எடுக்கவும் தெரியாம, விடவும் மனசில்லாம ஒருத்தன் கயித்தைப் பிடிச்சிட்டே…”

பிலேந்திரன் நிறுத்தினார்.

பின்னால் ஐஸ் அரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கூடையை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பிலேந்திரன் கையை மீனின் மேல் வைத்தார். அது குளிர்ந்து விறைத்திருந்தது. எழுந்திருக்க முடியாமல் தரையில் கை ஊன்றியபோது ஆசான் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் குழாயடியில் கை கழுவினார்கள்.

பிலேந்திரன் வீட்டுக்கு வந்தபோது வேன் முன்னதாகவே வந்து நின்றது. டிரைவரிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே போனார்.

“நாம போவல்ல” என்றார்.

பிரகாசி அவரை நம்பாமல் பார்த்தாள்.

“மெய்யாவா?”

“மெய்யா.”

அலமாரிக்கு மேல் கைவிட்டுத் துழாவி மருந்தை எடுத்தார். அதில் தூசி படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். சொன்ன அளவில் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினாள்.

“இதையும் எடுத்திடுங்க. வாடை பிடிக்கல்ல.”

எடுத்துவிட்டார். அன்று அவள் பொழுது சாய்வது வரை தூங்கினாள். நெற்றியில் இருந்த சுருக்கம் தூக்கத்தில் மெல்லத் தளர்ந்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். எத்தனை நாளாக அந்தச் சுருக்கம் அங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் இருந்தாள். விழித்திருக்கும்போது பேசினாள். குவைத்தில் இருக்கும் மகளோடு போனில் பேசி, பேரனைப் பாடச் சொல்லிக் கேட்டாள். கல்யாணமான புதிதில் அவர் வாங்கி வந்த பச்சைச் சேலை தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று இப்போதுதான் சொன்னாள். “பின்னே ஏன் உடுத்தே?” என்று கேட்டார். “நீங்க பாத்திட்டே இருந்தீங்க” என்றாள்.

ஒரு பகலில், அவர் விசிறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. எந்த வீச்சில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகும் வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்து போன பிறகு பிலேந்திரன் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். ஆசான் எதிரே உட்கார்ந்து வேர் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆசானே.”

“சொல்லும்.”

“சென்னைக்குக் கொண்டுபோயிருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாளோ?”

“இருந்திருக்கலாம்.”

பிலேந்திரன் எண்ணெயைக் கிண்டினார். அது இன்னும் சூடாகவில்லை.

“எனக்கு அழுகையும் வரல்ல. குழியில மண்ணு போடும்போதும் வரல்ல. ஊரு முழுக்க எனக்க முகத்தையே பாக்குது. நானும் அவளுக்க பாயில உக்காந்து, ஒண்ணொண்ணா நினைச்சுப் பாக்குதேன், அழுதிடணும்னு. வரமாட்டேங்குது ஆசானே.”

ஆசான் கத்தியைக் கீழே வைத்தார்.

“வரும் அண்ணே. அதையும் பிடிச்சு இழுக்காதேயும்.”