கீழ் மண்டபத்தில் கொடுத்த கடிகாரம்

குருவுக்கு வயது இருபத்தாறு. சிஷ்யைக்கு நாற்பத்தேழு.

குருவின் பெயர் நிறைமதி. சிஷ்யை குமுதவல்லி, அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை. குமுதவல்லி ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள். மாமியார் படுத்த படுக்கையானபோது வேலையை விட்டாள். மாமியார் போன பிறகு வீட்டில் மிக்ஸி நின்றால் வேறு சத்தம் கிடையாது. கணவர் பேச்சுக் குறைந்தவர்.

மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, இனிமேல் எதற்கு என்றார்கள் எல்லோரும். நிறைமதி மட்டும், "லேப்டாப்பைத் திறங்க அத்தை," என்றாள்.

அன்றிலிருந்து அத்தை அவளைக் குருவே என்றுதான் கூப்பிட்டாள். கேலியாகத் தொடங்கியது. பிறகு அதுவே பெயராகிவிட்டது.

சென்னையில் ஒரு நிறுவனம், வேலை கொடுப்பதற்கு முன் வீட்டிலிருந்தே செய்ய ஒரு சோதனை கொடுத்தது. இரண்டு மருந்துக் கடைகள் ஒன்றாகச் சேர்கின்றன. இரண்டிலும் வாடிக்கையாளர் பதிவுகள் இருக்கின்றன. இங்கேயும் அங்கேயும் இருக்கும் ஒரே ஆளைக் கண்டுபிடித்து ஒரே பதிவாக்க வேண்டும். அதற்கு ஒரு ப்ரோகிராம்.

குமுதவல்லி எழுதி அனுப்பினாள். பதில் வந்தது.

"எழுதிய விதம் நன்று. ஆனால் தவறினால்? இப்போது ஏற்க முடியவில்லை. விரும்பினால் திங்கட்கிழமைக்குள் திருத்தி இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பலாம்."

அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

"தவறினால்னா என்ன அர்த்தம், குருவே?"

"தவறினால்னுதான் அர்த்தம்."

"இதைச் சொல்ல ஒரு குரு."

நிறைமதி வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

குமுதவல்லி ப்ரோகிராமை இறுக்கினாள். முதலில் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால் போதும் என்றிருந்தது. இப்போது போன் நம்பரும் பொருந்த வேண்டும் என்றாள். பிறகு தெரு. பிறகு பின்கோடு. தினமும் காலையில் குருவுக்குச் செய்தி போகும்.

"இன்னைக்குத் தப்பு குறைஞ்சிருக்கு."

"அப்படியும் வந்தா?"

"அதான் குறைஞ்சிருக்கேடி."

"சரி அத்தை."

ஞாயிற்றுக்கிழமை மாலை குரு நேரில் வந்தாள். சிஷ்யை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"இனிமே தப்பே வராது. எல்லாம் பொருந்தினாத்தான் சேர்க்கும்."

"சேர்த்ததுக்கு அப்புறம் ரெண்டாவது பதிவு என்ன ஆகுது?"

"அழிஞ்சிடும். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு தெரிஞ்சாச்சே, அது எதுக்கு?"

குரு திரைப் பக்கம் குனிந்தாள். பதிவை அழிக்கிற அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ப் புடவை கட்டுங்க. உங்க பிரெண்டு பொண்ணு ரிசப்ஷனுக்கு நேரமாச்சு."

தோழியின் பெயர் புஷ்பலதா. கல்லூரி விடுதியில் ஒரே அறை. அவள் மகள் தேன்மொழியைக் குமுதவல்லி கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, மினுமினுக்கும் தாளில் சுற்றி வைத்திருந்தாள்.

உறையூரில் மண்டபம். வாசலில் தேன்மொழி என்று சீரியல் விளக்கில் எழுதியிருந்தது. குரு நின்றாள்.

"மாப்பிள்ளை பேரு என்ன அத்தை?"

"யாருக்குத் தெரியும்? பத்திரிகை வாட்ஸ்அப்புல வந்துச்சு. மண்டபம் இது. தேதி இன்னைக்கு. பொண்ணு தேன்மொழி. இன்னும் என்னடி பொருந்தணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

குரு ஓரத்தில் இருந்த மாடிப்படியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பன்னீருக்குத் தலையைக் குனிந்தாள்.

மேடையில் பெண் நிறையச் சிரித்தாள். குமுதவல்லி அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"கைக்குழந்தையா பார்த்தது. அப்படியே அம்மா ஜாடை."

பெண்ணின் சித்தப்பா பரிசை வாங்கி, பெயரைக் கேட்டு, அதன்மேல் பேனாவால் எழுதி, பின்னால் அடுக்கினார். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கி நின்றார்கள்.

பந்தியில் அரக்குப் பட்டு உடுத்திய ஒரு அம்மாள் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டே வந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

"பொண்ணு வீடு," என்றாள் குமுதவல்லி. "பொண்ணோட அம்மாவும் நானும் ஹாஸ்டல்ல ஒரே ரூமு."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"பொண்ணோட அம்மா நான்தாங்க."

குமுதவல்லியின் கையில் அப்பளம் உடைந்தது.

"நான் ஹாஸ்டல் பக்கமே போனதில்லையே," என்றார் அவர்.

அவர் பெயர் ராஜகுமாரி. விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மாடியில இன்னொரு ரிசப்ஷன் நடக்குதுங்க. அந்தப் பொண்ணும் தேன்மொழிதான். காலையிலேர்ந்து பூக்காரர் இங்க வர்றாரு, எங்க ஐஸ்கிரீம் அங்க போகுது. மாறி வந்த விருந்தாளி நீங்கதான் முதல்ல."

குமுதவல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். ராஜகுமாரி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"பாதி இலையில எந்திரிக்கக் கூடாது. யாருப்பா அங்க, இங்க பாயசம் கொண்டா."

அவர் நகர்ந்ததும் குமுதவல்லி குருவின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"படிக்கட்டுல அம்புக்குறி போட்டு ஒரு போர்டு இருந்துச்சு."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எல்லாம் பொருந்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இங்க பாயசம் நல்லா இருக்கு அத்தை."

குமுதவல்லிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கடிகாரம்."

கை கழுவிவிட்டு மேடைக்குப் பின்னால் போனார்கள். ஒரே மாதிரி மினுமினுத்த பெட்டிகள் மலை மாதிரி இருந்தன. அவள் பெயரைச் சொன்னதும் சித்தப்பா கேட்டார்.

"குமுதவல்லியா? டிக் டிக்னு சத்தம் போட்ட பொட்டிங்களா?"

"பேட்டரி போட்டுக் கொடுத்துட்டேன்."

"நல்லா போட்டீங்க. அந்தப் பக்கம் யாரும் ஒரு மணி நேரமா உக்காரலை."

அவர் அதைத் தனியாக ஒரு நாற்காலியில் வைத்திருந்தார். அவள் பெயர் மேலே இருந்தது. தாள் கசங்கவில்லை.

"பிரிக்கலையா?"

"பிரிச்சிட்டா எது யாரு கொடுத்ததுன்னு எப்படிங்க தெரியும்?" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

ராஜகுமாரி வாசல்வரை வந்து அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"போட்டோ வந்ததும் அனுப்புறேன்."

"அதுல நாங்க இருக்கிறதே தப்புங்களே."

"இருந்தாச்சே," என்றார் ராஜகுமாரி.

மாடியில் புஷ்பலதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நேரம்டி? எங்க போயிருந்தே?"

"கீழ உன் பொண்ணுக்கு ரிசப்ஷன் முடிச்சுட்டு வர்றேன்."

விஷயத்தைச் சொன்னதும் புஷ்பலதா சிரித்த சிரிப்பில் மேடையில் இருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். அவள் கண் மை கன்னத்துக்கு வந்துவிட்டது. விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் சிரிப்பாளே, அதே சிரிப்பு. குமுதவல்லி அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தேன்மொழிக்கு அம்மா ஜாடை கொஞ்சமும் இல்லை. அப்பாவின் மூக்கு. கடிகாரம் இந்த முறை சரியான கைக்குப் போனது.

மறுபடி பந்தியில் உட்கார வைத்தார்கள். குரு மறுக்கவில்லை.

வீடு திரும்பும்போது குரு ஸ்கூட்டர் ஓட்டினாள். சிஷ்யை பின்னால் இருந்தாள்.

"மாப்பிள்ளை பேரைப் பார்த்திருக்கணும்."

"அடுத்த கல்யாணத்துல பாருங்க."

"அப்பவும் வேற ஏதாவது தப்பிப் போகும்."

"போகும்."

சிக்னலில் வண்டி நின்றது. சிஷ்யை முன்னால் சாய்ந்தாள்.

"கீழ யாருமே பதறலை, பார்த்தியா?"

விளக்கு பச்சையானது.

"சீக்கிரம் விடுடி. லேப்டாப்பைத் திறக்கணும்."

திங்கட்கிழமை மதியத்துக்குள் அவள் அனுப்பிவிட்டாள். புதிதாக எந்தப் பொருத்தமும் சேர்க்கவில்லை. அழிக்கிற அந்த வரியை எடுத்துவிட்டாள். இப்போது சேர்ந்த இரண்டு பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருந்தன. எந்தக் கடையிலிருந்து வந்தது, எதைப் பார்த்துச் சேர்த்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தது. ஆள் வேறு என்று பிறகு தெரிந்தால், அவரவர் பதிவு அவரவருக்குத் திரும்பிப் போகும்.

அந்த வாரமே போன் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரலாம் என்றார்கள். குமுதவல்லி கணவரிடம் சொன்னாள். அவர், "எனக்குத் தெரியும்," என்றார். அவருக்கு அது நீளமான பேச்சு. பிறகு ஒரு கிலோ மைசூர்பாகோடு குருவின் வீட்டுக்கு நடந்தாள்.

குரு முதல் துண்டை வாயில் போட்டபோது சிஷ்யையின் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. ராஜகுமாரி அனுப்பியிருந்தார். மேடையில் பெண், மாப்பிள்ளை, குமுதவல்லி, நிறைமதி. பெண்ணின் கன்னத்தில் குமுதவல்லியின் கை. கீழே ஒரு வரி: மேல் மாடித் தேன்மொழிக்காக வந்தவர்கள். ஆல்பத்திலும் இப்படியே போட்டுவிட்டோம்.

சிஷ்யை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண் கொஞ்சம் கலங்கியது. சிரிப்பும் வந்தது.

"நம்மளை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போட்டிருக்கலாமே, குருவே. தப்பா வந்தவங்கதானே?"

குரு விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டு படத்தை எட்டிப் பார்த்தாள்.

"போட்டிருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு இவ்வளவு சிரிச்சது யாரைப் பார்த்துன்னு அப்புறம் யாருக்குமே தெரியாமப் போயிடும் அத்தை."